சி.எஸ்.ஆர். ரசீது வழக்கு ஆகாது: கோத்தகிரி வாசகிக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்

கோத்தகிரிப் பக்கத்து ஹட்டி (படுகர் ஊர்) ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். ஊர், பெயர் எதுவும் வராமல் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

மார்கழி மாதம். பக்கத்து ஊரில் ஒரு சாவு என்று காலை பத்து மணிக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் கிளம்பியிருக்கிறார்கள். மாலை நான்கு மணிக்குத் திரும்பி வந்தால் பின்கதவுக் கொண்டி பெயர்ந்து கிடக்கிறது. பீரோவில் இருந்த ஆறு பவுன் சங்கிலியையும் இரண்டு ஜோடி கம்மலையும் காணோம். மறுநாள் காலையே காவல் நிலையம் போயிருக்கிறார். "உங்க ஊர் எங்க லிமிட்ல வராது" என்று முதலில் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். பிறகு, "நகை காணவில்லை, கண்டுபிடித்துத் தரவும்" என்று எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டு, மனு பெற்றதற்குச் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். வண்டிக்கு டீசல் போட என்று ஒருவர் கேட்க, 2,000 ரூபாயும் கொடுத்திருக்கிறார்.

அதன்பின் ஏழு மாதம் ஓடிவிட்டது. ஊட்டியில் கலெக்டரிடம் திங்கட்கிழமை மனு மூன்று முறை, முதல்வர் உதவி எண் 1100-க்குப் போன் இரண்டு முறை. எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: சி.எஸ்.ஆர். வழங்கப்பட்டு விசாரணையில் உள்ளது. கடைசியாக வந்த குறுஞ்செய்தி, மனு முடித்துவைக்கப்பட்டது என்கிறது. தோட்டத்தில் இலை பறிக்க வந்திருந்த ஜார்கண்ட் தம்பதி மீது அவருக்குச் சந்தேகம். திருட்டு நடந்த ஒரு வாரத்தில் அவர்கள் ஊரைவிட்டுப் போய்விட்டார்களாம். அவர்கள் படத்தை ஃபேஸ்புக்கில் போடலாமா, ஆர்.டி.ஐ. (தகவல் உரிமைச் சட்ட மனு) போடலாமா, மனித உரிமை ஆணையத்துக்கு எழுதலாமா, 40,000 ரூபாய் கொடுத்தால் ஹைகோர்ட்டில் ரிட் போட்டுத் தருவதாக ஒருவர் சொல்கிறாரே, அவரை நம்பலாமா என்று கேட்கிறார். "கோடநாடு கேஸே இத்தனை வருஷமா இழுக்குது, என் ஆறு பவுனுக்கு யார் சார் வருவாங்க?" என்றும் எழுதியிருக்கிறார்.

சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நகை போன வருத்தத்தைவிட, ஏழு மாதமாக உங்களை வாசலிலேயே நிற்கவைத்த வருத்தம்தான் அதில் அதிகம். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் நீங்கள் தட்டிய கதவுகள் எல்லாம் ஒரே அறைக்குப் போகிறவை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கையில் இருப்பது என்ன?

சி.எஸ்.ஆர். கொடுத்துவிட்டார்கள், ஆகவே வழக்கு நடக்கிறது என்று நினைத்திருக்கிறீர்கள். மலையிலும் சரி, கீழேயும் சரி, என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனு வந்து சேர்ந்தது என்று காவல் நிலையம் கொடுக்கும் ஒப்புகை. அந்தத் தாள் நீதிமன்றத்துக்குப் போகாது. அதை வைத்து யாரையும் விசாரணைக்குக் கூப்பிட்டு எழுதி வாங்கலாம், மூடியும் வைக்கலாம். வழக்கு என்பது எஃப்.ஐ.ஆர்., அதாவது முதல் தகவல் அறிக்கை பதிவான பிறகுதான். அதன் ஒரு பிரதி மாஜிஸ்திரேட்டுக்குப் போகும். அதன்பின் நடப்பதற்கும் நடக்காததற்கும் நீதிமன்றத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதன் 173-ஆம் பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்தாலும் நீங்கள் போகிற நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும். பிறகு சரியான நிலையத்துக்கு அனுப்புவது அவர்கள் வேலை. ஆகவே "எங்க லிமிட் இல்லை" என்று திருப்பி அனுப்ப இப்போது சட்டத்தில் இடமில்லை. எஃப்.ஐ.ஆர். நகலை உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகப் புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவு கட்டாயம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு லலிதா குமாரி வழக்கில் 2013-லேயே தீர்ப்பளித்துவிட்டது.

இங்கேதான் அந்த "காணவில்லை" என்ற சொல் வருகிறது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நகை காணவில்லை என்றால் அது பஸ்ஸில் விழுந்திருக்கலாம், எங்கோ வைத்து மறந்திருக்கலாம். குற்றம் நடந்ததாகவே அதில் இல்லை. எஃப்.ஐ.ஆர். போடாமல் இருக்க நிலையத்துக்கு அந்த ஒரு சொல் போதும். உங்களுக்கு நடந்ததோ கதவை உடைத்து வீட்டுக்குள் புகுந்து திருடியது. வீட்டுக்குள் திருட்டு, பழைய இ.பி.கோ.வுக்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 305-ஆம் பிரிவு, ஏழு ஆண்டு வரை சிறை. திருடுவதற்காகப் பூட்டை உடைத்துப் புகுந்தது 331(3), பத்து ஆண்டு வரை சிறை. டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை செய்துவிட்டுப் பதிவு செய்யலாம் என்று புதிய சட்டத்தில் ஒரு வழி இருப்பது உண்மைதான். அது மூன்று ஆண்டும் அதற்கு மேலும், ஆனால் ஏழு ஆண்டுக்குக் குறைவாகத் தண்டனை உள்ள குற்றங்களுக்கு மட்டும். உங்கள் புகார் அதற்குள் வராது. வந்தாலும் அந்த 14 நாள் தை மாதமே முடிந்துபோயிற்று.

அந்தச் சொல்லை நீங்களாக எழுதவில்லை, எழுதச் சொன்னார்கள் என்கிறீர்கள். நம்புகிறேன். ஸ்டேஷன் வாசலில் எழுதித் தரும் மனுக்களில் இதே வாசகத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நீங்கள் தப்பு செய்துவிட்டதாக மனதைப் போட்டு உழப்பிக்கொள்ள வேண்டாம். இதைத் திருத்த வழி இருக்கிறது.

அதற்காகச் சி.எஸ்.ஆர். வெறும் காகிதம் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். திருட்டு நடந்த மறுநாளே நீங்கள் நிலையத்துக்குப் போனீர்கள் என்பதற்கு அந்தத் தேதிதான் சாட்சி. ஏழு மாதம் கழித்து வந்து சொல்கிறார் என்று நாளை யாராவது கேட்டால் அதைத்தான் காட்டப்போகிறோம்.

மனு எங்கே போகிறது?

ஊட்டி ஃபிங்கர் போஸ்ட் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை வரிசையில் நின்று நீங்கள் கொடுத்த மனு கலெக்டரிடமிருந்து எஸ்.பி.க்குப் போகிறது. அங்கிருந்து டி.எஸ்.பி.க்கு, அங்கிருந்து இன்ஸ்பெக்டருக்கு. அவர் எழுதும் இரண்டு வரி அதே படிகளில் மேலே ஏறி உங்களுக்குப் பதிலாக வருகிறது. 1100-க்குச் சொன்னாலும் இதே பயணம்தான். ரேஷன் கார்டு, பட்டா, தெருவிளக்கு போன்றவற்றுக்கு இந்த வழி பலன் தரும். எஃப்.ஐ.ஆர். பதியாத குறைக்கு, பதியாதவரிடமே விளக்கம் கேட்டு வாங்குவதில்தான் இது போய் நிற்கிறது. நான்காவது மனு வேண்டாம்.

கோடநாட்டைச் சொன்னீர்கள். 2017 ஏப்ரலில் ஜெயலலிதாவின் கோடநாடு எஸ்டேட்டில் காவலாளி கொல்லப்பட்டு நடந்த கொள்ளை அது. 2022-ல் சி.பி.சி.ஐ.டி. கைக்குப் போனது. இத்தனை ஆண்டு ஆவது நம் எல்லோருக்குமே ஆதங்கம்தான். ஆனாலும் உங்கள் விஷயத்துக்கும் அதற்கும் ஒரு வித்தியாசம் பாருங்கள். அதற்கு எஃப்.ஐ.ஆர். இருக்கிறது, நீதிமன்ற எண் இருக்கிறது. ஒவ்வொரு வாய்தாவிலும் நீதிபதி என்ன ஆயிற்று என்று கேட்கிறார், அரசுத் தரப்பு எழுந்து பதில் சொல்கிறது. ஒரு குறுஞ்செய்தி அனுப்பி அதை முடித்துவைக்க யாராலும் முடியாது. உங்கள் புகாரை முடித்துவைக்க முடிந்தது.

இனி என்ன செய்வது?

முதலில் புகாரைப் புதிதாக எழுதுங்கள். எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், எத்தனை மணிக்கு வந்தீர்கள், கொண்டி எப்படி இருந்தது, என்னென்ன போயிற்று, அப்போது கூட இருந்தவர் யார் என்று நடந்ததை நடந்தபடி எழுதினால் போதும். "திருடப்பட்டது", "கதவு உடைக்கப்பட்டது" என்ற சொற்கள் கண்டிப்பாக வேண்டும். மறுநாள் கொடுத்த மனுவில் நிலையத்தார் சொன்னபடி "காணவில்லை" என்று எழுத நேர்ந்ததையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். சி.எஸ்.ஆர். நகலை இணையுங்கள். நிலையத்துக்கு ஒன்று அனுப்பிவிட்டு, அதே புகாரை மாவட்ட எஸ்.பி.க்கு 173(4)-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு ஸ்பீடு போஸ்ட்டில், ஒப்புகையோடு அனுப்புங்கள். கையில் கொண்டுபோய்க் கொடுத்தாலும் தபாலை விடாதீர்கள். அந்தத் தபால் ரசீதுதான் அடுத்த படிக்கு உங்கள் நுழைவுச் சீட்டு.

எஸ்.பி. அலுவலகத்திலும் அசைவு இல்லை என்றால் உங்கள் எல்லைக்குரிய மாஜிஸ்திரேட் நீதிமன்றம். 175(3)-ஆம் பிரிவின் கீழ், விசாரணைக்கு உத்தரவிடக் கோரி ஒரு மனுவும் கூடவே சத்தியப் பிரமாண வாக்குமூலமும் தாக்கல் செய்ய வேண்டும். நிலையத்துக்கும் எஸ்.பி.க்கும் போய்ப் பார்த்தாயிற்று என்பதை அதில் காட்டியாக வேண்டும். 2015-ல் பிரியங்கா ஸ்ரீவத்சவா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்தியது, இப்போது சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். மாஜிஸ்திரேட் காவல்துறையின் விளக்கத்தையும் கேட்ட பிறகுதான் உத்தரவிடுவார். அதனால் இரண்டு, மூன்று வாய்தா ஆகலாம். ஆனால் முதல் முறையாக அவர்கள் ஒரு நீதிபதி முன்னால் காரணம் சொல்லப்போகிறார்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை. உங்கள் மனுவைத் தனிநபர் புகாராக எடுத்து உங்களையே சாட்சி சொல்லச் சொல்லவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அப்படி ஆனால் திருடன் யார் என்று நீங்களே நிரூபிக்க வேண்டிவரும். யார் எடுத்தது என்றே தெரியாத திருட்டில் அது எங்கும் போய்ச் சேராது. கைரேகை எடுப்பதும் அடகுக் கடைகளில் விசாரிப்பதும் போன் விவரம் வாங்குவதும் காவல்துறையால் மட்டுமே முடியும் என்று மனுவில் தெளிவாகச் சொல்லி, போலீஸ் விசாரணைதான் வேண்டும் என்று கேளுங்கள். வழக்கறிஞர் யாராக இருந்தாலும் இந்தப் பத்தி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வழக்கறிஞருக்கு 40,000 தேவையே இல்லை. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987-ன் 12-ஆம் பிரிவின்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. ஊட்டியில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். இலவசம் என்றால் தரம் இருக்காது என்று தயங்காதீர்கள். இந்த மனு சிக்கலானது இல்லை, அக்கறையோடு எழுதும் ஒருவர் கிடைத்தால் போதும். ஹைகோர்ட் ரிட் இப்போது வேண்டாம். மாஜிஸ்திரேட்டிடம் போக வழி இருக்கும்போது நேராக உயர் நீதிமன்றம் வர வேண்டாம் என்று 2008-ல் சாகிரி வாசு வழக்கிலேயே சொல்லிவிட்டார்கள். சென்னைக்கு இரண்டு முறை போய்வந்த பிறகு, "மாஜிஸ்திரேட்டை அணுகவும்" என்ற ஒரு வரி உத்தரவோடு நீங்கள் திரும்பி வரக்கூடும்.

எஃப்.ஐ.ஆர். பதிவானதும் இணையத்தில் ஏற்றப்பட வேண்டும். வழக்கமாக 24 மணி நேரம், மலைப்பகுதி போல இணைப்புச் சரியில்லாத இடங்களில் அதிகபட்சம் 72 மணி நேரம் என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் சொன்னது. அப்புறம் 90 நாளுக்குள் விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும், இது 193-ஆம் பிரிவு. கண்டுபிடிக்க முடியவில்லை என்று முடித்தாலும், உங்களுக்கு நோட்டீஸ் கொடுத்து உங்கள் ஆட்சேபத்தைக் கேட்காமல் நீதிமன்றம் அதை ஏற்கக் கூடாது.

ஏழு மாதம் ஆகிவிட்டதே, இனி என்ன கிடைக்கும் என்று கேட்பீர்கள். சில தடயங்கள் போய்விட்டன, அதை மறைக்க மாட்டேன். உங்கள் ஊர்ப் பேக்கரி வாசல் கேமராவில் ஏதாவது பதிவாகியிருந்தால் அது இந்நேரம் அழிந்திருக்கும். கதவில் கைரேகை இருக்காது. ஆனால் செல்போன் அழைப்பு விவரங்களை நிறுவனங்கள் இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும். அடகுக் கடைப் பதிவேடுகளும் எங்கும் போகாது. ஆகவே ஒவ்வொரு மாதமும் முக்கியம்.

அந்தத் தம்பதியைப் பற்றி

இங்கே நான் உங்களோடு உடன்படவில்லை. தயவுசெய்து பொறுமையாகப் படியுங்கள்.

அவர்கள் மீது உங்களுக்குள்ள சந்தேகத்துக்கு இரண்டு காரணம் சொல்கிறீர்கள்: வீட்டு அமைப்பு அவர்களுக்குத் தெரியும், ஒரு வாரத்தில் போய்விட்டார்கள். வீட்டு அமைப்பு உங்கள் சொந்தக்காரர்களுக்கும் தெரியும், கேஸ் சிலிண்டர் போடுகிறவருக்கும் தெரியும். அன்று ஹட்டியே காலி என்பது சாவுச் செய்தி கேட்ட எல்லோருக்கும் தெரியும். போனதைப் பற்றிச் சொன்னால், மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழுந்து இலை கருகினால் பறிப்புக் குறையும், கூலி குறையும். வெளிமாநிலத் தொழிலாளர்கள் அந்த மாதங்களில் வேறு இடம் போவதை நீங்கள் ஆண்டுதோறும் பார்த்திருப்பீர்கள். சொல்லிக்கொள்ளாமல் போனார்கள் என்பது வருத்தம்தான், ஆனால் அதைக் குற்றம் என்று சொல்ல முடியாது.

படத்தைப் போட்டால் உங்கள் மீது அவதூறு வழக்கு வரலாம். நான் அஞ்சுவது அதற்காக மட்டும் இல்லை. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் திருப்புவனம் பக்கத்தில் நகை காணாமல் போனதாக வந்த புகாரில், கோயில் காவலாளியாக இருந்த ஓர் இளைஞரை விசாரணைக்குக் கூட்டிப்போனார்கள். அவர் உயிரோடு திரும்பவில்லை. காவலர்கள் கைதானார்கள், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. எஃப்.ஐ.ஆர். இல்லாமல் தனிப்படை எப்படி விசாரித்தது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கேட்டது. அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை. எழுத்தில் இல்லாத விசாரணை உங்களை ஏழு மாதம் அலைய வைத்தது. மொழி தெரியாத, கேட்க ஆள் இல்லாத ஒரு தொழிலாளியை அது இன்னும் மோசமான இடத்துக்குக் கொண்டுபோகும். எஃப்.ஐ.ஆர். உங்களுக்கு எவ்வளவு பாதுகாப்போ, சந்தேகிக்கப்படுகிறவருக்கும் அவ்வளவு பாதுகாப்பு.

அதனால் புகாரில் "அடையாளம் தெரியாத நபர்கள்" என்றே எழுதுங்கள். விசாரணை அதிகாரி கேட்டால், அந்த வாரத்தில் வந்துபோனவர்கள் எல்லோர் பெயரையும் சொல்லுங்கள், அந்தத் தம்பதி உட்பட. அவர்களை மட்டும் தனியாக எடுத்துச் சொல்லாதீர்கள்.

டீசல் பணம்

இதைச் சொல்லத் தயங்கி, கடிதத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் பாதுகாப்பு உண்டு. அந்த நாள் கடந்துவிட்டது. ஆகவே இதை எந்த மனுவிலும் போகிறபோக்கில் எழுதாதீர்கள். உங்களுக்காக நியமிக்கப்படும் வழக்கறிஞரிடம் மட்டும் முழுதாகச் சொல்லுங்கள். இனி யாராவது கேட்டால், கொடுப்பதற்கு முன்பே லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போங்கள். ஊட்டியில் அவர்களுக்கு அலுவலகம் இருக்கிறது.

ஆர்.டி.ஐ.யும் ஆணையங்களும்

ஆர்.டி.ஐ. போடுங்கள், ஆனால் அதிலிருந்து என்ன கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு போடுங்கள். அது ஆவணம் வாங்கித் தரும், நடவடிக்கை எடுக்கவைக்காது. "ஏன் எஃப்.ஐ.ஆர். போடவில்லை?" என்று கேட்டால் நழுவிவிடுவார்கள். என் சி.எஸ்.ஆர். மீது நடந்த விசாரணையின் பதிவுகள், என் மூன்று மனுக்களும் எந்தத் தேதியில் யாருக்கு அனுப்பப்பட்டன, அவர்கள் அனுப்பிய அறிக்கைகளின் நகல் என்று கேளுங்கள். 10 ரூபாய்க் கட்டணம், 30 நாள் கெடு. புலன்விசாரணை பாதிக்கும் என்று ஆர்.டி.ஐ. சட்டத்தின் 8(1)(எச்) பிரிவைக் காட்டி மறுத்தால், எஃப்.ஐ.ஆரே இல்லாதபோது எந்தப் புலன்விசாரணை என்று முதல் மேல்முறையீட்டில் கேட்கலாம். அந்த மறுப்புக் கடிதமே மாஜிஸ்திரேட்டிடம் உங்களுக்கு உதவும். ஆனால் ஆர்.டி.ஐ. பதிலுக்காக எஸ்.பி. தபாலைத் தள்ளிப்போடாதீர்கள்.

மாநில மனித உரிமை ஆணையத்துக்குச் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் எழுதலாம். அடித்தல், மிரட்டல், சட்டவிரோதக் காவல் என்றால் உடனே எழுதச் சொல்லியிருப்பேன். உங்கள் விஷயத்தில் அது பின்னால் பார்த்துக்கொள்ள வேண்டிய வழி. லோக் ஆயுக்தா ஊழலுக்கானது, திருட்டைக் கண்டுபிடிக்க அது உதவாது.

காவல்துறை மீதான புகாரை விசாரிக்கத் தனி அமைப்பு கிடையாதா என்றும் கேட்டிருந்தீர்கள். பிரகாஷ் சிங் வழக்கில் 2006-லேயே உச்ச நீதிமன்றம் மாவட்டம்தோறும் ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் அப்படி ஓர் ஆணையம் வேண்டும் என்றது. தமிழ்நாடு 2013-ல் சட்டம் கொண்டுவந்தது. அதில் மாநில அளவில் உள்துறைச் செயலரையும் மாவட்டத்தில் கலெக்டரையும் தலைவராக வைத்தார்கள். நீங்கள் மூன்று திங்கட்கிழமை நின்ற அதே அலுவலகம்தான். உச்ச நீதிமன்றம் கேட்டது இது இல்லை என்பது என் உறுதியான கருத்து. இதை மாற்றச் சொல்லி நம் எம்.எல்.ஏ.க்களிடம் கேட்க வேண்டியது உங்கள் ஒருவர் வேலை மட்டும் இல்லை, மலையில் இருக்கிற நம் எல்லோருடைய வேலையும்.

இந்த வாரமே ஒன்று செய்துவிடுங்கள். பெயர்ந்த கொண்டியை அன்று போனில் படம் எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் போனை விற்காதீர்கள், படத்தை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதி போதாது, எடுத்த போனில் இருப்பதுதான் வேண்டும். நீதிமன்றத்தில் கொடுக்கும்போது அதற்கு ஒரு சான்றிதழும் இணைக்க வேண்டும், உங்கள் வழக்கறிஞர் எழுதித் தருவார். நகைக்கு ரசீது இல்லை, அம்மா போட்ட நகை என்கிறீர்கள். கவலை வேண்டாம். கல்யாண ஆல்பத்தில் அந்தச் சங்கிலி தெளிவாகத் தெரியும் படம் ஒன்றிரண்டு இருக்கும். அவற்றை நகல் எடுத்துப் புகாரோடு வையுங்கள். அசல் படம் வீட்டிலேயே இருக்கட்டும். யார் கேட்டாலும் கைமாற்றாதீர்கள்.